மண்ணறிந்து விதைப்போம்

எந்த நிலத்தில் எந்தப் பயிரை விதைக்கலாம்? மழையை மட்டுமே நம்பி வாழும் உழவருக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. விடை தவறினால் ஓராண்டு உழைப்பு வீணாகும், மண்ணும் பாழாகும். இதற்கு நல்ல பாடம் நம் கொல்லிமலையிலேயே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்தது இம்மலை. இங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பள்ளத்து வயலில் நெல்லும், சரிவில் சாமை, தினை, கேழ்வரகு முதலியனவும் பயிரிட்டு வந்தனர். மலையில் மழை பெய்தாலும் சரிவில் நீர் தங்குவதில்லை. ஆகவே சரிவு நிலம் வறண்ட நிலம் போன்றதே.

நிலத்தை மதிப்பிட நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

1. சரிவு: சரிவு மிகுந்தால் மண் அரிப்பும் மிகும்.
2. ஆழம்: பாறை மேலாக இருந்தால் வேர் இறங்காது.
3. மண்ணின் தன்மை: மணல் நீரை விட்டுவிடும், களி பிடித்து வைக்கும்.
4. மழை: எவ்வளவு, எந்த மாதங்களில் என்பது.

1976-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் நில மதிப்பீட்டு முறை ஒன்றை வெளியிட்டது. "நல்ல நிலமா?" என்று கேட்பதை விட, "எந்தப் பயிருக்கு நல்ல நிலம்?" என்று கேட்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மிக ஏற்றது, ஓரளவு ஏற்றது, சிறிதளவே ஏற்றது, ஏற்றதல்ல என நிலம் தரம் பிரிக்கப்படும்.

சாமை ஆழமில்லாத மண்ணிலும் குறைந்த நீரில் விளையும். நெருக்கமாய் வளர்ந்து மண்ணை மூடிக் காக்கும். மரவள்ளியோ இடைவெளி விட்டு நடப்படுவது; ஏறத்தாழ பத்து மாதம் நிலத்தில் நிற்பது; கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி மழையில் கரைந்தோடும். ஆயினும் சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் தந்த ரொக்கப் பணத்தால் கொல்லிமலையில் மரவள்ளி பெருகியது; சாமை குறைந்தது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சாமையை உரலில் இட்டு உமி நீக்குவது கடினமான வேலை. அச்சுமை முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. ஆகவே நிலம் ஏற்றதாயிருந்தால் மட்டும் போதாது; உழைப்பவரின் நிலையையும் விலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டது. உமி நீக்கும் இயந்திரங்கள் மகளிர் குழுக்களின் கைக்கு வந்ததும் அம்முயற்சியின் பயனே. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது.

மாணவியரே, நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிடி மண்ணை நனைத்துக் கையில் உருட்டுங்கள். உதிர்ந்தால் மணல், நீண்ட திரியாக வந்தால் களி, திரி வந்து உடைந்தால் இரண்டும் கலந்த மண். பின்னர் அந்நிலத்தில் என்ன விளைகிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கையறிவும் நூலறிவும் அங்கே ஒன்று சேரும்.

ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது கரைந்தோட ஒரு சில மழைக்காலங்களே போதும். மண்ணைக் கேட்டு விதைப்போம்; மண்ணைக் காப்போம்.