எல்லார்க்கும் திறக்கும் திரை

நுழையும்முன்

உயர்கல்வியின் பாடங்களும் ஒப்படைவுகளும் தேர்வுகளும் இணையத்திற்கு இடம்பெயர்ந்து வருகின்றன. பார்வையற்றோர், செவித்திறன் குன்றியோர், கையசைவு குன்றியோர் ஆகியோர் அத்தளங்களில் எவ்வாறு பயில்கின்றனர்? அவர்களைத் தடுத்து நிறுத்துவன எவை? அத்தடைகள் எங்கே, யாரால் உருவாகின்றன? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

அவையில் வாசிக்கப்பட்ட ஓலை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோவில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். இது நாம் பலமுறை படித்த செய்தி. ஆனால், அதன் பின்னர் வரும் நுட்பம் ஒன்றைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். ஓலையைப் பெறும் நடுவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும்; பின் அவையில் வாசிக்க வேண்டும்; மண்டபத்திலிருக்கும் நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்க வேண்டும். எழுத்தை ஒருவர் மட்டும் கண்டால் போதாது, பலர் காணவும் கேட்கவும் அது வெளிப்பட வேண்டும் என்று அவ்விதி கருதியது. நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடமிருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வாசிப்பைப் பொதுவாக்கிய அவை, வாயிலைப் பொதுவாக்கவில்லை.

அதே உத்திரமேரூர்ப் பகுதியைச் சேர்ந்த பெருநகரில், பார்வையற்ற மாணவி ஒருவர் கல்லூரிப் பாடத்தை இணையத்தில் பயில முற்படுகிறார் எனக் கொள்வோம். நாள்தோறும் பேருந்தில் காஞ்சிபுரத்திற்குச் சென்று திரும்புவது அவருக்குப் பிறரைவிடக் கடினம். ஆகவே, இணையவழிக் கல்வியால் பிறரைவிட மிகுந்த பயன் பெறத்தக்கவரும் அவரே. நடுவண் அரசின் 'ஸ்வயம்' தளம் 2017ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்தின் பாடங்களுள் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியாகப் பயின்று மதிப்பெண் புள்ளிகள் பெறலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இடமளிக்கிறது. இந்நிலையில், கற்றல் தளம் ஒன்று அம்மாணவிக்குத் திறக்கவில்லை எனில் அவர் இழப்பது ஒரு காணொலியை மட்டுமன்று. பட்டத்தின் ஒரு பகுதியையே ஆகும்.

குரலாக மாறும் பக்கம்

பார்வையற்றவர் கணினியை எவ்வாறு இயக்குவார் என்னும் ஐயம் பலருக்கு உண்டு. திரையிலுள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெய்ல் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். இத்தகைய மென்பொருளின் விலை கணினியின் விலைக்கே நிகராக இருந்த காலம் ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். அவர்கள் அம்மென்பொருளை விலையின்றி உலகிற்கு வழங்கினர். தமிழையும் வாசிக்கும் அம்மென்பொருள் இன்று நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கிறது.

கருவி கிடைத்துவிட்டது, அது வாசிப்பதற்கு எழுத்து வேண்டுமே! இடர்ப்பாடு தொடங்குமிடம் இதுதான். கண்ணுடையோர் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தமக்கு வேண்டிய தலைப்பிற்குத் தாவுகின்றனர். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோரும் அவ்வாறே ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவ இயலும். ஆனால், 'இது தலைப்பு' என்பதைப் பக்கத்தை எழுதியவர் கணினிக்குச் சொல்லியிருக்க வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி மட்டும் விட்டிருந்தால், கண்ணுக்கு அது தலைப்பு. செவிக்கு அது மற்றொரு வரி. நாற்பது பக்கப் பாடத்தில் ஐந்தாம் அலகைத் தேடுபவர் முதல் வரியிலிருந்து அனைத்தையும் கேட்டாக வேண்டும். இணைப்புகளும் இத்தகையனவே. பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் வசதி திரைவாசிப்பானில் உண்டு. ஒவ்வோர் இணைப்பிற்கும் 'இங்கே சொடுக்குக' என்று பெயரிட்டிருந்தால், கேட்பவர் செவியில் 'இங்கே சொடுக்குக' என்பதே பத்துமுறை ஒலிக்கும். எந்த 'இங்கே' என்பது எழுதியவர்க்கே வெளிச்சம்.

ஆசிரியர் கையால் எழுதிய குறிப்புகளைக் கைப்பேசியில் படம்பிடித்து மாணவர் குழுவில் பகிர்வது நாம் நன்கறிந்த வழக்கம். அது நன்னோக்கமுடைய செயல்தான். எனினும், எழுத்தின் படம் எழுத்தாகாது. அதனைத் திரைவாசிப்பான் 'படம்' என்று ஒரு சொல்லில் அறிவித்துவிட்டு அமைதியாகிவிடும். பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிவருடிப் பிடிஎஃப் கோப்பாகத் தளத்தில் ஏற்றும்போதும், எழுத்துணர்தல் செய்யாவிடில் நேர்வது இதுவே.

தமிழுக்கே உரிய தடை

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்குத் தனியாக மற்றுமொரு தடை இருந்தது, முற்றிலும் நீங்கவில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தன. புகழ்பெற்ற 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினி தன்னுள் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவற்றிற்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது எழுத்துரு. கண் முகமூடியைக் காண்கிறது. திரைவாசிப்பான் முகத்தையே காண்கிறது. ஆகவே, 'தமிழ்' என்னும் சொல் அதன் வாயில் பொருளற்ற ஒலியாகிறது.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாடு, வெவ்வேறு எழுத்துருக்களால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்கத் 'தாம்', 'தாப்' என்னும் பொதுக்குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கும் எண்ணமும் அக்காலத்தில் உருப்பெற்று, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நிறைவேறியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறியீடாக ஏற்றது. ஒருங்குறியில் தமிழ் உயிர்களுக்கும் மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் தமக்கென இடங்கள் உண்டு. முகமூடி தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்

'கெ' என்று எழுதும்போது கை முதலில் ஒற்றைக்கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் எழுதுகிறது. பழைய எழுத்துருக்கள் பல இவ்வரிசையையே பின்பற்றின. ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னரும் வைக்கிறது. அதாவது, நாம் ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையும் மெய்யை முன்னும் உயிரைப் பின்னுமே வைக்கிறது. விரலால் தமிழ் படித்தவர்கள் இவ்வொலிவரிசைக்கு முன்பே பழகியிருந்தனர்.

படம், காணொலி, கை

பாடத்தில் இதயத்தின் படம் ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றுரையாகப் 'படம் 3' என்று எழுதுவதால் பயனில்லை. 'இதயத்தின் வலக் கீழறையிலிருந்து குருதி நுரையீரலுக்குச் செல்வதைக் காட்டும் வரைபடம்' என்று எழுதினால், கேட்பவர் பாடத்திற்குள் வந்துவிடுகிறார். இவ்வாறு எழுதுவது தொழில்நுட்பத் திறன் அன்று, மொழித்திறன். எதனைச் சொல்ல வேண்டும், எதனை விட வேண்டும் என்று தேர்ந்து சுருங்கச் சொல்லுதல் தமிழ் வகுப்பில் பயிலத்தக்க கலை என்பதில் ஐயமில்லை.

காணொலியில் ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டி, "இதையும் இதையும் கூட்டினால் இது கிடைக்கும்" என்கிறார். பார்வையற்றவர்க்கு அத்தொடரில் எண்ணும் இல்லை, பொருளும் இல்லை. செவித்திறன் குன்றியோர்க்கோ தொடர் முழுவதுமே இல்லை. அவர்களுக்குச் சப்டைட்டில் எனப்படும் துணை எழுத்துரை வேண்டும். இன்று கணினியே அதனைத் தானாக உருவாக்குகிறது. ஆயினும் ஆசிரியர் ஒருவர் திருத்தாமல் அதனை வெளியிடுதல் தகாது. 'வலி' என்பது 'வழி' என்று பதிவானால், செவியால் சரிபார்க்க இயலாத மாணவர் தவற்றையே பாடமாகப் படிப்பார். பிறவியிலேயே செவித்திறன் இழந்தோர் பலர்க்குச் சைகைமொழியே முதல்மொழி. அவர்க்கு எழுத்துரையோடு சைகைமொழி விளக்கமும் தேவைப்படும்.

கைநடுக்கம் உடையவர்க்குச் சுட்டியைப் பிடித்து ஒரு சிறு பொத்தானில் நிறுத்துவது பெரும்பாடு. தளம் முழுவதையும் விசைப்பலகையால் மட்டும் இயக்க முடிய வேண்டும். தேர்வில் விடைகளை இழுத்துப் பொருத்தச் சொல்லும் வினாவும், நீட்டிக்க முடியாத கால அளவும் அறிவைச் சோதிப்பதற்கு மாறாக விரலைச் சோதிக்கின்றன. நிறத்தால் மட்டும் உணர்த்துவதும் அவ்வாறே: 'சிவப்பில் உள்ளவை தவறான விடைகள்' என்னும் குறிப்பு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்க்கு எதுவும் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு நெறிகளாகத் தொகுத்துள்ளது. முதல் தொகுப்பு 1999ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது, 2.2 என்னும் பதிப்பு 2023இல் வந்தது. எழுத்துக்கும் பின்புலத்திற்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்பது வரை நுணுகிச் செல்கின்றன அந்நெறிகள்.

பெர்க்லியில் நேர்ந்தது

அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் வகுப்புரைகளைப் பல்லாண்டுகள் பதிவுசெய்து, உலகில் எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்திருந்தது. அவற்றுள் மிகப் பலவற்றிற்குத் துணை எழுத்துரை இல்லை. செவித்திறன் குன்றியோர்க்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவரும் தேசியச் செவித்திறன் குன்றியோர் சங்கமும் இதுகுறித்து முறையிட்டனர். 2016ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அந்நாட்டு நீதித்துறை, பல்கலைக்கழகம் சட்டத்தை மீறியுள்ளது எனத் தெரிவித்தது. பல்கலைக்கழகம் எடுத்த முடிவு பலரும் எதிர்பாராதது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில், 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது.

அப்பொழுது எழுந்த சினம் முறையிட்டோர் மீதே திரும்பியது. 'சிலர்க்குக் கிடைக்காததால் எவர்க்கும் கிடைக்காமற் போயிற்று' என்னும் குறை கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். சற்று ஆராய்ந்தால் அதன் பிழை புலப்படும். முறையிட்டோர் கேட்டது எழுத்துரை. பதிவுகளை நீக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வோர் உரையும் பதிவான நாளிலேயே அதற்கு எழுத்துரை அமைத்திருந்தால், ஒவ்வொன்றிற்கும் சிறிது உழைப்பே செலவாகியிருக்கும். அச்சிற்றுழைப்பைப் பல்லாண்டுகள் தள்ளிவைத்ததால், அது இருபதாயிரம் மடங்காகத் திரண்டு நின்றது. கட்டி முடித்த வீட்டின் படிகளை இடித்துச் சாய்தளம் அமைப்பதற்கு ஆகும் செலவை, கட்டும்போதே அமைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நீதித்துறையோடு உடன்பாடு கண்ட பல்கலைக்கழகம், தன் இணைய உள்ளடக்கத்தை அனைவர்க்கும் ஏற்றதாக்க இசைந்தது. முறையீட்டிற்கும் இசைவிற்கும் இடையே, ஒரு மாணவரின் பட்டப்படிப்புக் காலத்தினும் மிகுந்த ஆண்டுகள் கழிந்திருந்தன.

உரிமையாகும் அணுகல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உயர்கல்வியில் அவர்களுக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அதன் 42ஆம் பிரிவு, மின்னணு உள்ளடக்கங்கள் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. முன்னது இருக்கையைத் தருகிறது; பின்னது இல்லையெனில் அவ்விருக்கையில் அமர்ந்து படிக்க இயலாது.

சட்டம் இருந்தும் விதிகள் வெறும் பரிந்துரைகளாகவே இருந்தன என்பதைச் சுட்டி, கட்டாயமான அணுகல்தரங்களை வகுக்குமாறு 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் வந்த மற்றொரு தீர்ப்பு இன்னும் நேரானது. வங்கிச் சேவைக்கான இணையவழிச் சரிபார்ப்பில் விழியை இமைத்துக் காட்டுமாறு கணினி கேட்கிறது; அமில வீச்சால் விழியும் முகமும் சிதைந்த ஒருவரால் இமைக்க இயலவில்லை. அவ்வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், மின்னணுச் சேவைகளை அணுகுதல் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என அறிவித்து, இருபது நெறியுரைகளை வழங்கினர்.

தளம் நெறிகளுக்கு உட்பட்டதா எனச் சோதிக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. படத்திற்கு மாற்றுரை உண்டா என அவை சொல்லிவிடும். அம்மாற்றுரை இதயத்தை விளக்குகிறதா, 'படம் 3' என்று நின்றுவிடுகிறதா என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல இயலாது. அதனைச் சொல்லத்தக்கவர், நாள்தோறும் திரைவாசிப்பானோடு பழகும் மாணவரே. ஆகவே, தளத்தை வடிவமைப்போர் அவரை இறுதிநாளில் கருத்துக் கேட்பதற்காக அழைப்பது போதாது. முதல் வரைவின்போதே அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தமிழ்ப் பாடநூலிலுள்ள ஏதேனும் ஒரு படத்திற்கு இருபது சொற்களுக்கு மிகாமல் மாற்றுரை எழுதுக. படத்தைப் பாராத நண்பரிடம் அதனை வாசித்துக்காட்டி, அவர் புரிந்துகொண்டதைப் படத்தோடு ஒப்பிடுக.

2. பள்ளிக் கணினியில் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்தி ஒரு கல்வித் தளத்தில் குறிப்பிட்ட பாடம் ஒன்றைத் திறக்க முயல்க. எவ்விடத்தில் நின்றுபோனீர்கள் என்பதைக் குறித்துக்கொள்க.

3. 'பெர்க்லி பல்கலைக்கழகம் பதிவுகளை நீக்கியது சரியா?' என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.