மறுகா?

அன்புள்ள மகளுக்கு,

பெரியநீலாவணையிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கூட வைத்திருந்த கதையை மூன்று தரம் வாசித்தேன்.

ஏழு கதை அனுப்பினேன், ஒன்றுக்கும் பதிலில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய பேப்பர்களில் 'பிரசுரிக்க முடியவில்லை' என்று கடிதம் போடும் வழக்கம் குறைவு, மகள். மௌனம்தான் பதில். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்துப் பெயரைத் தேடி, இல்லையென்றதும் வீட்டில் யாரும் காணாமல் மடித்து வைக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். கதை பிடிக்காமல் இருக்கலாம், பக்கத்தில் இடமில்லாமல் இருக்கலாம், உறையையே யாரும் உடைக்காமல் இருக்கலாம். எது என்று தெரியாதபோது மனசு மிக மோசமானதைத்தான் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதம் பாருங்கள், பிறகு வேறிடத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.

என்னைப் பயமுறுத்தியது உங்கள் கடைசிப் பக்கம். சங்கிலியை ஈடு வைத்துப் புத்தகம் போடப்போகிறேன் என்கிறீர்கள். வேண்டாம்.

நானும் போட்டேன். ஐந்நூறு பிரதி. வெளியீட்டு விழாவில் முதற் பிரதி வாங்கிய பெரிய மனிதர் உறையில் காசைத் தந்துவிட்டு, புத்தகத்தைக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார். பேச்சாளர்கள் நால்வரில் இருவர் புத்தகத்தைத் திறந்திருக்கவில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. மிச்சப் பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. அவற்றை முழுசாகப் படித்தது கறையான்தான். அன்றைக்குக் காகிதம் மலிவு. இன்றைக்கு? 2022 இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. அச்சகக்காரர் சொல்லும் விலைக்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

'புத்தகம் இல்லாவிட்டால் நான் எழுத்தாளரா' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நீங்கள் பெரியநீலாவணையில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட நீலாவணன், ஆசிரியர் சின்னத்துரை, 1931 இல் பிறந்து 1975 ஜனவரியில் காலமானார். நாற்பத்து நான்கு வயதும் நிறையவில்லை. ஈழத்துக் கவிதையில் மஹாகவி, முருகையன் என்று சொல்லும்போது அதே மூச்சில் சொல்லப்படுகிற பெயர். தன் கவிதைகள் ஒரு தொகுதியாக வந்ததை அவர் காணவில்லை. 'வழி' என்ற தொகுதி வந்தது 1976 இல், 'வேளாண்மை' என்ற காவியம் 1982 இல். அது முற்றுப்பெறவும் இல்லை.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. செத்த பிறகு வந்த பெருமையைச் செத்தவர் அனுபவிப்பதில்லை. காரைதீவு விபுலாநந்த அடிகள், பதினான்கு வருட உழைப்பான யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியதைக் கண்ணால் கண்டார், ஜூலை 19 இல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு அந்த ஆறு கிழமையாவது கிடைத்தது. நீலாவணனுக்கு அதுவும் இல்லை. இது அநியாயம்தான். அதை அழகாக்க எனக்கு மனமில்லை.

ஆனால், புத்தகம் இல்லாத அந்த வருடங்களில் நீலாவணன் என்ன செய்தார் என்று பாருங்கள். கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தைக் கட்டினார். 'பாடும் மீன்' என்று ஒரு சஞ்சிகை தொடங்கினார். சில இதழோடு அது நின்றது. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பாராமல் இளம் பொடியன்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். கல்முனைக்குடி நுஃமான் அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். மருதமுனை மருதூர்க்கொத்தனும் அந்த வட்டத்தில் ஒருவர். நுஃமான் 1969 இல் 'கவிஞன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதுவும் நெடுநாள் ஓடவில்லை. ஓடாவிட்டால் என்ன, எழுதினதை வாசித்து 'இந்த இடம் சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருந்தது. உங்களுக்கு இல்லாதது புத்தகமல்ல, அப்படி ஒரு ஆள்.

அந்த வேலையை இந்த ஒரு தரம் நான் செய்கிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, கரைவலை இழுக்கப் போன வாப்பா வெறுங்கையோடு வந்து திண்ணையில் குந்துகிற இடத்தில். முதல் இரண்டு பக்கமும் கடலும் நிலாவும். அவற்றை எடுத்துவிடுங்கள். பிறகு, அந்த உம்மா 'பின்னர் என்ன நிகழ்ந்தது?' என்று கேட்கிறா. எங்கள் கரையில் எந்த உம்மா அப்படிக் கேட்டா? 'மறுகா என்ன நடந்த?' என்றுதானே கேட்பா. கொழும்பில் இருக்கிறவருக்கு விளங்காது என்று பயந்திருக்கிறீர்கள். 'வேளாண்மை'யை எடுத்து வாசியுங்கள். வயல்காரர் பேச்சு அங்கே கூச்சமில்லாமல் நடமாடுகிறது.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது என்னுடைய இரண்டு கொப்பிகளும் போயின. உயிர்களைக் கொடுத்த ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொப்பியைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு கதையை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். முப்பது பக்கக் கதை பதினொரு பக்கம்தான் வந்தது. மிச்சப் பத்தொன்பது பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. அந்தப் பதினொரு பக்கம்தான் அச்சில் வந்தது, அதுவும் மூன்றாவதாக அனுப்பிய இடத்தில்.

ஆகவே உங்கள் கதையைக் கொப்பியைப் பாராமல் ஒரு தரம் எழுதுங்கள். எழுதி முடித்து, உம்மா அரிசி புடைத்துக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ இருக்கும்போது பக்கத்தில் இருந்து வாசியுங்கள். நல்லா இருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள். மகள் எழுதினால் எந்த உம்மாவுக்கும் நல்லாத்தான் இருக்கும். நடுவில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். 'மறுகா?' என்று அவ கூப்பிட்டுக் கேட்கிறாவா என்று பாருங்கள். கேட்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அந்தக் கோடுகளோடு எனக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் கல்முனையில் வீட்டில்தான் இருப்பேன், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரே வந்தாலும் சரி. கரைவலையில் கயிறு பிடிக்கிறவர்கள் நிற்கிற வரிசை கதையில் பிழையாக வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம், அதை அவரிடமே கேட்க வேண்டும்.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு கிழட்டு வாத்தியார்
கல்முனை