ஓமகா மொழியின் எழுத்தும் ஒலியும்

வட அமெரிக்காவில் மிசௌரி என்னும் பேரியாறு பாய்கின்றது. அதன் மேற்குக் கரையில், நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், ஓமகா என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். 'நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றோர்' என்பது அப்பெயரின் பொருள். அம்மாநிலத்தின் பெருநகரமும் இவர்கள் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும் நகரத்தார் அதனை ஒலிக்கும் முறை வேறு. அக்குடியினர் ஒலிக்கும் முறை வேறு. நகரத்தார் முதலசையை அழுத்தி, மூக்கொலி சிறிதுமின்றிக் கூறுவர். அக்குடியினரோ 'உமொஹொ' என்பது போல இரண்டாம் அசையை எடுத்தொலித்து, ஒகரம் இரண்டனையும் மூக்கின் வழியே விடுவர்.

இம்மூக்குயிர் நமக்கு முற்றிலும் புதியதன்று. 'அவன்' என்னும் சொல்லை விரைந்து பேசுங்கால் ஈற்று னகரம் மறைந்து, அகரமே மூக்கொலி பெறுதலைச் செவி கொடுத்துக் கேட்போர் அறிவர். ஓமகா மொழியை ரோமன் எழுத்தில் எழுதுவோர், உயிரெழுத்தின் தலைப்பக்கத்தில் சிறியதோர் னகரக் குறியிட்டு இவ்வொலியைக் காட்டுவர். அக்குறியைத் தனி மெய்யாக ஒலித்தல் பிழையாம். குறில் நெடில் வேறுபாடும் அம்மொழியில் உண்டு. 'நொடெ' என்பது போன்ற ஒரு சொல்லின் முதலுயிர் மூக்கொலியுடையது. அது நீண்டால் 'நெஞ்சம்', குறுகினால் 'சுவர்'. எழுதுங்கால் இவ்வேறுபாட்டைப் பலரும் குறிப்பதில்லை. நெஞ்சமோ சுவரோ என்பதை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

வல்லினத்தில்தான் இடர்ப்பாடு மிகுதி. 'பல்' என்னும் சொல்லிலும் 'கம்பம்' என்னும் சொல்லிலும் பகரம் வெவ்வேறாக ஒலித்தாலும், ஒலி இடத்தால் அமைவதால் நமக்கு ஓரெழுத்தே போதும். ஓமகா மொழியில் அவ்வாறன்று. மென்மையாக ஒலிப்பது, இறுக்கி ஒலிப்பது, மூச்சோடு ஒலிப்பது, தொண்டையை அடைத்துத் திறந்து ஒலிப்பது எனப் பகரத்துள்ளேயே பிரிவுகள் உள. ஒன்று பிறழின் சொல்லே பிறழும்.

இனி, அம்மொழிக்கே சிறந்த ஓரொலி உண்டு. 'அது' என்பதில் வரும் தகரத்தைப் பல்லில் நுனிநா மெல்லப் படுமாறு ஒலித்து, அதனோடு லகரத்தின் சாயலையும் கலந்தால் அவ்வொலி ஒருவாறு அமையும். கேட்பவர்க்கு ஒருகால் தகரமாகவும் ஒருகால் லகரமாகவும் அது தோன்றும்.

1871-இல் பாங்கா மக்களிடையே சமயத் தொண்டராகச் சென்றவர் ஜேம்ஸ் ஓவன் டார்சி. பாங்கா மொழியும் ஓமகா மொழியும் ஒன்றே எனத்தகும். டார்சி அவ்வரிய ஒலிக்குக் கோடிட்ட ஓரெழுத்தைக் கொண்டார். இறுகிய வல்லொலிகளுக்கு அச்செழுத்துகளையே தலைகீழாக நிறுத்தினார். 1890-இல் வெளிவந்த அவரது பெருநூலின் பெயரே அக்கோடிட்ட எழுத்தில்தான் தொடங்குகின்றது. கோட்டை நோக்காதவர் நூற்பெயரையே தவறாகப் படித்தனர் என்றால், ஏனைய பக்கங்களை எங்ஙனம் படிப்பர்!

ஓமகா குடியிற் பிறந்த பிரான்சிஸ் லா பிளெஷ் இளமையில் சமயப் பள்ளியொன்றில் பயின்றார். தாய்மொழி பேசுதல் அங்கே தடுக்கப்பட்டிருந்தது. இதனை 1900-இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அச்சிறுவரே பின்னர் ஆலிஸ் பிளெச்சர் அம்மையாருடன் சேர்ந்து, தம் குடியின் வழக்கங்களையும் பாடல்களையும் தொகுத்து 1911-இல் பெருநூலாக்கினார். அந்நூலின் எழுத்துமுறை டார்சியினதைவிட எளியது. எளிமைக்குக் கொடுத்த விலையும் உண்டு. வல்லொலிகளின் நுண்வேறுபாடு சில அதில் மறைந்தன.

பிறப்பிலிருந்தே அம்மொழியைப் பேசி வளர்ந்தோர் இன்று மிகச் சிலரே. எனவே எழுத்து ஒழுங்காக அமைதல் அவர்களுக்கு உயிர்நாடியான செயலாயிற்று. மேசி என்னும் ஊரிலுள்ள ஓமகா பள்ளியில் சிறுவர்க்கு இம்மொழி கற்பிக்கப்படுகின்றது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திலும் 2000-ஆம் ஆண்டு முதல் முதியோரின் துணையோடு வகுப்புகள் நடந்தன. 2018-இல் இவ்விரு நிலையத்தாரும் கூடி அமைத்த பாடநூல் வெளிவந்தது. மூச்சொலிக்கு மேலே சிறு ஹகரக் குறியும், மூக்கொலிக்குச் சிறு னகரக் குறியும் இன்றைய எழுத்துமுறையில் இடம்பெற்றுள்ளன. தகரமும் லகரமும் கலந்த அவ்வொலிக்கு மட்டும் எக்குறியும் முழுதும் போதவில்லை. முதியோர் வாயினின்று கேட்டே மாணவர் அதனைக் கற்கின்றனர்.