மழை இரவின் ஒலிகள்: தவளைக் குரலைக் கேட்டறிதல்

இடவப்பாதி மழை திருவனந்தபுரத்தை அடையும் முதற்சில இரவுகளில், வெள்ளாயணி ஏரிக்கரையிலும் அதனை அடுத்த புஞ்சக்கரி வயல்களிலும் தவளைகளின் கூக்குரல் ஓங்கி எழும். துயில் கெடுகிறதே என்று சன்னலைச் சாத்துவோர் பலர். அக்குரலைக் கேட்பதற்கென்றே குடையும் கைவிளக்கும் ஏந்தி வெளியே செல்வோரும் உளர். இரு திறத்தாரின் செவியிலும் விழுவது ஒரே ஒலிதான். முன்னவர்க்கு அது வெறும் இரைச்சல். பின்னவர்க்கோ பலர் ஒருங்கே பேசும் சபை. பேசுபவர் இன்னார் என்று பிரித்தறிவதில் அவர்கள் பெரும் இன்பம் காண்கின்றனர். இவ்வின்பத்திற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சிறிது பொறுமையும் பயிற்சியுமே போதும்.

குரல் பிறக்கும் விதம்

தவளை தன் நுரையீரலில் உள்ள காற்றைக் குரல்நாண்களின் வழியே உந்தி ஒலி எழுப்புகிறது. அவ்வேளையில் அதன் வாயும் மூக்குத் துளைகளும் மூடியிருக்கும். உந்தப்பட்ட காற்று தாடையின் அடியிலுள்ள தோற்பையை உப்பச் செய்கிறது. அப்பை ஒலியைச் சுற்றிலும் பரப்புகிறது. பின்னர் அதே காற்று நுரையீரலுக்குத் திரும்பி மறு கூவலுக்குப் பயன்படுகிறது. பெரும்பாலும் ஆண் தவளையே கூவும். பெண் தவளை தன் இனத்திற்குரிய குரலைத் தேர்ந்து நாடிச் செல்லும். ஒரே குட்டையில் பல இனங்கள் கூடினும் இனக்கலப்பு அரிதாயிருப்பதற்கு இக்குரல் வேற்றுமை ஒரு முக்கிய காரணமாகும். உஷ்ணநிலை குறைந்தால் கூவலின் வேகமும் தளரும்.

கூவுதல் ஆபத்தில்லாத செயல் அன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டில், ஒருவகை வௌவால் தவளையின் குரலைக் கொண்டே அதன் இருப்பிடத்தை அறிந்து பிடித்துண்பதை 1981இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். “தவளை தன் வாயால் கெடும்” என்னும் நம் பழமொழி வெறுங் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

குரல்களைப் பிரித்தறிதல்

தொடக்கத்தில் நான்கு குரல்களைப் பழகிக்கொள்ளுதல் போதுமானது. நீர் தேங்கிய வயலில் கனத்த, ஆழ்ந்த குரலில் முழங்குவது பெருந்தவளை. முதல் மழையில் இதன் ஆண் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெறும். இதன் குரற்பைகள் நீல நிறமாயிருக்கும். “குர்ர்ர்” என்று இடைவிடாமல் நீண்டொலிப்பது வீட்டு முற்றங்களில் காணப்படும் சாதாரணத் தேரை. மரப்பலகையை விரலால் தட்டினாற்போன்று “டக், டக்” என்று ஒலிப்பது மரத்தவளை. குளியலறைச் சுவரிலும் இதனைக் காணலாம். சீப்பின் பற்களைக் கட்டைவிரலால் வருடினாற்போன்ற கரகரத்த ஒலி, இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் அளவேயுள்ள சின்னஞ்சிறு வாய்த்தவளையினுடையது. இத்துணைச் சிறிய உடலினின்று இத்துணைப் பெரிய ஒலி எழுவதை நேரிற் காணும் மாணவர் எளிதில் மறவார்.

செவி கண்டறிந்தவை

இந்நகரில் தவளை ஆராய்ச்சி பழைமையானது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த ஹாரல்ட் பெர்குசன், திருவிதாங்கூரின் தவளை இனங்களைத் தொகுத்து 1904இல் பட்டியல் வெளியிட்டார். பெர்குசன் தேரை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. நகரிலிருந்து மலையேறினால் அடையும் பொன்முடியில் இரு புதிய புதர்த்தவளை இனங்கள் 2005இல் விவரிக்கப்பெற்றன. உருவத்தில் ஒன்றையொன்று ஒத்த புதர்த்தவளைகளை வேறுபடுத்தி அறிவதற்கு அவற்றின் குரலும் துணை செய்கிறது. 2003இல் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற பாதாளத் தவளை ஆண்டின் பெரும்பகுதியும் மண்ணுக்குள்ளேயே வாழ்வது. இதன் ஆண் மண்ணுக்கு அடியிலிருந்தே கூவுகிறது. மேலே நிற்பவர் உற்றுக் கேளாவிடின் அவ்வுயிர் அங்கிருப்பதையே அறியார்.

மௌனம் உணர்த்துவது

தவளைகள் பூச்சிகளை உண்பவை. பாம்பு, கொக்கு முதலியவற்றிற்குத் தாமே உணவாகுபவை. இவற்றின் கால்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் வாணிபம் நம் நாட்டில் ஓங்கியிருந்தது. 1987இல் அரசு அதனைத் தடை செய்தது. எனினும் வயல்களை மண்ணிட்டு மேடாக்குதல் தவளைக்குப் பெருங்கேடாயிற்று. நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் காக்கக் கேரளம் 2008இல் தனிச்சட்டம் இயற்றியது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்வன இனங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 41 அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன. ஒரு வயலில் தவளைக் கூட்டம் குறைவதைக் கண் உணருமுன் செவி உணர்ந்துவிடும். ஆனால் சென்ற ஆண்டு என்னென்ன குரல்கள் ஒலித்தன என்று அறிந்தவருக்கே இவ்வாண்டு எது ஒலிக்கவில்லை என்பது புலப்படும். இரைச்சல் என்று ஒதுக்கியவருக்கு அந்த மௌனம் நிம்மதியாகவே தோன்றும்.

பள்ளிக்கும் களப்பணிக்கும் உரிய பயிற்சி

1. குளம், வயல், பள்ளித் தோட்டம் ஆகியவற்றுள் ஓரிடத்தைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அவ்விடத்திலேயே கேட்க வேண்டும். இடவப்பாதியின் தொடக்கமும் ஐப்பசியில் வரும் துலாவர்ஷமும் ஏற்ற காலங்கள்.

2. இருள் சூழ்ந்தபின் விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் அசையாது நிற்க. ஆள் வரவால் அடங்கிய குரல்கள் மீண்டும் எழும்.

3. அடுத்த ஐந்து நிமிடத்தில் கேட்ட குரல்களைக் குறித்துக்கொள்க. பெயர் தெரியாத குரலை ‘டக் டக்’, ‘குர்ர்’ என ஒலிக்குறிப்பாகவே எழுதலாம். எண்ணிக்கைக்கு ‘ஒன்று’, ‘சில’, ‘பல’ என்ற மூன்று சொற்களே போதும். தேதி, நேரம், மழை, உஷ்ணநிலை ஆகியவற்றையும் உடன் எழுதுக. கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து வைத்தல் பின்னர் ஒப்பிட உதவும்.

4. தவளைகளைப் பிடித்தல் ஆகாது. பாம்பும் அவ்விடத்தில் இருக்கக்கூடும். எலிக்காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் வெறுங்காலுடன் தேங்கிய நீரில் இறங்குதல் கூடாது. முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அவசியம். மாணவர்கள் பெரியவர் துணையுடனேயே செல்ல வேண்டும்.

இக்குறிப்பேட்டை அடுத்து வரும் வகுப்பினரிடம் ஒப்படைத்தல் ஆசிரியரின் கடமையாகும். மூன்று நான்கு ஆண்டுகளின் பக்கங்கள் சேர்ந்தபின், அவ்வூர் நீர்நிலையின் நலத்தை எடுத்துரைக்கும் சான்று பள்ளியின் கையிலேயே இருக்கும். அதனைத் தொகுத்த மாணவரும் மழை இரவில் சன்னலைத் திறந்து வைத்தே உறங்கப் பழகியிருப்பர்.