கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு



கல்லாவில் உட்காரத் தொடங்கிய நாளில் பெரியவர்கள் நமக்குச் சொன்ன முதல் பாடம், வீட்டுச் செலவைக் கடைக் கணக்கோடு கலக்காதே என்பதாகும். வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு எடுத்தாலும் பற்று எழுதிவிட்டுத்தான் எடுப்பார்கள். கலந்துவிட்டால் லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. பேரேட்டில் இவ்வளவு கண்டிப்பாயிருக்கும் நாம், கைப்பேசியில் மட்டும் வீட்டையும் கடையையும் ஒன்றாய்க் கலந்து வைத்திருக்கிறோம். அதனால் வரும் கெடுதி யாது, தவிர்க்கும் வழி யாது என்பதே இப்பாடம்.

நாம் பட்டதையே முதலில் சொல்லுகிறோம். 2014 மார்ச் 23ஆம் தேதி காஜாங் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அச்சமயம் ஒரு கட்சியைக் கேலி செய்யும் படமொன்று நமக்கு வந்தது. சிரிப்பாயிருக்கிறதே என்று ஃபேஸ்புக்கில் போட்டோம். நம் கணக்கின் முகப்பிலோ கடைப் பலகையின் படம் இருந்தது. மறுநாள் காலை, பல வருஷமாக நம்மிடம் மாதச் சாமான் வாங்கும் ஒருவர் வந்து, "பாய், இனிமே உங்க கடைக்குக் கட்சி பார்த்துத்தான் வரணுமா?" என்று கேட்டார். படத்தை உடனே எடுத்துவிட்டோம். அடுத்த மாதம் அவர் வரவில்லை. சொன்னவர் நாம், ஆனால் கடை சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு 2012இல் நடப்புக்கு வந்தது. இணையத்தில் வெளியானதொன்றில் ஒருவருடைய பெயரோ படமோ உரிமையாளர் என்றோ நிர்வாகி என்றோ காணப்பட்டால், அவர் மறுத்து நிரூபிக்கும் வரை அவரே வெளியிட்டவர் என்று அது கொள்ளும். கடைப் பையன் விளையாட்டாய் அனுப்பியதற்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நாமே. பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்துடன் ஆபாசமானதையோ பொய்யானதையோ அனுப்பும் குற்றத்துக்கு, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் உச்ச அபராதம் 50,000 வெள்ளியாயிருந்தது. 2025 பிப்ரவரியில் அது 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கடைக்குத் தனி எண். 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸைச் சாதாரண வாட்ஸ்அப்புடன் ஒரே கைப்பேசியில், வேறு எண்ணில் வைத்துக்கொள்ளலாம். கடை நேரம், விலாசம், சாமான் பட்டியல் யாவும் அதில் இடலாம். கடை மூடியபின் வரும் கேள்விக்கு அது தானே பதில் அனுப்பும். நாம் வீட்டாருடன் நிம்மதியாய்ச் சாப்பிடலாம்.

இரண்டாவது, ஃபேஸ்புக்கில் கடைக்குத் தனிப் பக்கம். தனிநபர் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. பக்கத்துக்கு அந்த வரம்பில்லை. வேலையாளிடம் நம் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் பக்கத்தைக் கவனிக்க அனுமதி மட்டும் கொடுக்கலாம். அவர் விலகும்போது அனுமதியை எடுத்துவிடலாம்.

மூன்றாவது, ஸ்டேட்டஸ். குடும்பத்தோடு உம்ரா போகும் படத்தை வாடிக்கைக்காரர், சரக்கு கொடுப்பவர் எல்லாரும் பார்க்கும்படி போடுவது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதாகும். பிள்ளைகளின் முகம் கடைக்கு விளம்பரமன்று.

நான்காவது, வாடிக்கைக்காரரின் எண் நம்மிடம் உள்ள அமானத்து. சாமான் அனுப்புவதற்காகக் கொடுத்த எண்ணை, அவரைக் கேளாமல் நம் சொந்தக் குழுக்களில் சேர்ப்பது தகாது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பெற்ற காரியத்துக்கு மாறாக விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

"முகத்துக்காகத்தானே நம் கடைக்கு வருகிறார்கள், பிரித்தால் வியாபாரம் கெடாதா?" எனச் சிலர் கேட்கலாம். முகத்தை மறைக்கச் சொல்லவில்லை. கடைப் பக்கத்தில் நம் பெயரைச் சொல்லுங்கள், பெருநாள் வாழ்த்தும் கூறுங்கள். அன்றியும், கணக்கு இரண்டானாலும் குணம் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைப் பக்கத்தில் மரியாதையும் சொந்தக் கணக்கில் வசையும் எழுதினால், யாரேனும் படம் பிடித்து அனுப்ப ஒரு நிமிஷம் போதும். அப்போது எந்தப் பிரிவினையும் நம்மைக் காக்காது.

இன்று கல்லா எண்ணி முடித்ததும் கைப்பேசியைத் திறந்து, முகப்பில் இருப்பது கடையா, நாமா என்று பாருங்கள். இரண்டுமிருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.