பைதான் தொகுதியைக் கையால் கட்டும்போது

மணிவாசகர் அவதரித்த திருவாதவூரில் வீட்டு மேசைக் கணினியில் உபுண்டுவை நிறுவி, பைதான் தொகுதியொன்றை மூலநிரலிலிருந்து தாமே கட்ட முற்படும் மாணவர், பிழைச் செய்திகள் அடுக்கடுக்காக ஓடி நின்றதும் கடைசி வரியையே காரணமெனக் கொண்டு மயங்குவது சகஜம். அவ்வரி காரியம் பங்கப்பட்டதைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாதாகையால், மேலே சென்று, 'எரர்' என்னும் சொல் முதன்முதலாகத் தோன்றும் இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அங்கே 'பைதான்.எச்' என்னும் தலைப்புக் கோப்பு இல்லையென்று கண்டால், பைதான்தான் இருக்கிறதே என்று வாதிட்டுப் பிரயோஜனமில்லை. நிரலை ஓட்டும் பைதான் வேறு, சி மொழிப் பகுதிகளைத் தொகுக்க வேண்டிய உபகரணங்கள் வேறு. 'பைதான்3-டெவ்', 'பில்ட்-எசென்ஷியல்' என்னும் இரண்டையும் 'ஆப்ட்' வழியாக நிறுவினால் பெரும்பாலும் தீரும். (தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' பைதானிலேயே எழுதப்பட்டதாகையால், அதற்கு இந்த உபத்திரவம் இல்லை.)

'டிஸ்ட்யூட்டில்ஸ்' காணோம் என்பது வேறு ரகம். 2023 அக்டோபரில் வெளிவந்த பைதான் 3.12 அதை நீக்கிவிட்டமையால், அதை நம்பியிருந்த பழைய 'செட்டப்.பை' கோப்புகள் அநாதையாயின. 'செட்டப்டூல்ஸ்' நிறுவுவதே முதற் பரிகாரம். இந்நிறுவலையும் தொகுதியைக் கட்டுவதையும் 'வென்வ்' என்னும் தனிச்சூழலில் செய்வது உத்தமம்.

மறுமுறை கட்டுமுன் பழைய 'பில்ட்' அடைவை அழித்துவிடுங்கள். நினைவகம் குறைந்த இயந்திரத்தில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றால், நிரலில் தோஷமில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பிரௌசரை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்.