பள்ளிக்குச் செல்லும் பாதை

சிற்றூர்ப் பிள்ளைகள் கல்வி பெறுதற்பொருட்டுச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகள் பல. 1956ஆம் ஆண்டில் பகல் உணவுத் திட்டமும், 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டமும் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகட்கு 1 கிலோமீட்டர் நடைதூரத்தில் பள்ளி இருத்தல் வேண்டும் என்று கல்வி உரிமை விதிகள் கூறுகின்றன. ஆயினும், வீட்டு வாயிலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடையேயுள்ள அந்த ஒரு கிலோமீட்டரைப்பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

பாதை சுருங்கும் விதம்

வயல்களின் நடுவே பள்ளிக்குச் செல்லும் வண்டிப்பாதை பல ஊர்களில் உண்டு. ஒவ்வோர் உழவின்போதும் அதன் ஓரம் சிறிது சிறிதாக வயலுடன் சேர்ந்துவிடுகிறது. மறுபுறம் சீமைக் கருவேல முள் மண்டுகிறது. சில ஆண்டுகளில் வண்டிப்பாதை ஒற்றையடிப் பாதையாகி, பின்னர் வெறும் வரப்பாகிவிடுகிறது. மழைக்காலத்தில் அவ்வரப்பு வழுக்கும். புதரில் பாம்பு இருக்கும். எனவே பிள்ளைகள் தார்ச்சாலையை நாடுகின்றனர். நமக்குக் கிடைத்தது ஒரு சாண் நிலம். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ லாரி செல்லும் சாலை.

இதன் அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 7 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க, விநாடிக்கு 1 மீட்டர் நடக்கும் குழந்தைக்கு 7 விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் ஏறத்தாழ 117 மீட்டர் வந்துவிடும். வளைவோ புதரோ நின்றிருக்கும் வண்டியோ மறைக்குமாயின், அவ்வளவு தூரம் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஊராட்சி உறுப்பினர் ஒருநாள் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுடன் பள்ளிவரை நடந்து பார்த்தல் வேண்டும். அவர்கள் எங்கே தயங்குகின்றனர், எங்கே ஓடுகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவதாக, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தில் பாதையின் அகலத்தை அறிதல் வேண்டும். புறம்போக்காயின் அளந்து மீட்கலாம். பட்டா நிலமாயின் உரியவரின் இசைவைப் பெறுதலே முறை.

மூன்றாவதாக, மீட்ட பாதையை மேடாக்கிச் சரளை இட்டு, வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் குழாய் பதித்துப் பாலம் அமைத்தல் வேண்டும். ஊர்ச்சாலைகளைப் பேணுதல் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமையாகும். வழியிலுள்ள கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றை அடிமுதல் தரைமட்டம்வரை நிரப்பி மூட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டுள்ளது.

நான்காவதாக, தார்ச்சாலையைக் கடந்தே தீரவேண்டுமாயின், இருபுறமும் நெடுந்தூரம் தெரியக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்து, பிள்ளைகள் யாவரும் அங்கேயே கடக்குமாறு செய்தல் வேண்டும். பள்ளி நேரத்தில் பெரியவர் ஒருவர் அங்கு நிற்கட்டும். எச்சரிக்கைப் பலகையும் வேகத்தடையும் வேண்டி நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுக. நாமே மண்மேடு போடுதல் தகாது. அடையாளமில்லாத மேடு இரவில் இருசக்கர வண்டியில் வருவோரின் உயிரைப் பறிக்கும்.

கிராம சபையின் பொறுப்பு

இவற்றுள் கடினமானது சரளை இடுவதன்று, பாதையை மீட்பதேயாகும். அதனைச் சுருக்கியவர் நம் உறவினராக இருத்தல் கூடும். ஏன், நாமாகவே இருத்தலும் கூடும். ஆகவே, ஒருவரைக் குற்றஞ்சாட்டாமல், கிராம சபையில் பாதையின் அளவைப் படித்து, இருபுறத்து நிலத்தாரும் ஒரே நாளில் விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தல் நன்று. உறுப்பினரின் நிலம் அங்கிருப்பின், முதலில் அவரே தம் வரப்பைப் பின்னுக்குத் தள்ளட்டும்.

ஒரு சாண் நிலத்தில் விளையும் நெல் சில படிகளே. அதனை விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் மாலையில் அச்சமின்றி வீடு திரும்புவர். அடுத்த உழவுக்குமுன் இதனைச் செய்து முடிப்போமாக.